பழைய ஃபோர்டு எஃப்-150ல ஹீட்டர் வெதுவெதுன்னு மட்டும் வருதா? ஹீட்டர் கோர் மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

நீங்க சொன்னத ஒருவாட்டி சுருக்கி சொல்லிக்கிறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கனடால வின்னிபெக்ல 1994 எஃப்-150 பிக்கப் ட்ரக் வாங்கியிருக்கீங்க, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், வெளிய மைனஸ் 25. ப்ளோயர் நல்லா அடிக்குது ஆனா காத்து வெதுவெதுன்னுதான் வருது, சிக்னல்ல நின்னா அதுவும் போயிடுது, ஹைவேல கொஞ்சம் பரவால்ல. டெம்பரேச்சர் முள்ளு, கேஜ்ல 'நார்மல்'னு எழுதிருக்குல்ல, அதோட முதல் எழுத்தக்கூட தாண்ட மாட்டேங்குது. கராஜ்ல ஹீட்டர் கோர், அதாவது கேபினுக்கு சூடு தர்ற பாகம், போச்சு மாத்தணும்னுட்டாங்க. மாத்தணுமா?

மாத்தாதீங்க. இப்போதைக்கு வேணாம். கோர் அடைச்சிருக்க வாய்ப்பு இருக்கு, முப்பது வயசு வண்டி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்னதுல கோர விட பெரிய க்ளூ ஒண்ணு இருக்கு, அந்த முள்ளு. கோர் அடைச்சா கேபின் சூடாகாது, சரி, ஆனா இன்ஜின் கேஜ் ஏன் கீழ நிக்கணும்? கோர் அடைச்ச வண்டில முள்ளு ஜம்முன்னு நடுவுல நிக்கும், இன்ஜின் சுடும், உள்ள மட்டும் குளிரும். உங்களுக்கு இன்ஜினே சூடாகல. அப்ப உள்ள எங்கருந்து சூடு வரும்?

இந்த மாதிரி வண்டில ஹீட்டர்னு தனியா எதுவும் சூடு பண்றது கிடையாது, காயில் கீயில் ஒண்ணும் இல்ல. இன்ஜின் எப்படியும் வீணாக்குற சூட்ட கூலன்ட் (குளிர்ல உறையாம இருக்க மருந்து கலந்த தண்ணி) தூக்கிட்டு வருது, வாட்டர் பம்ப் அத தள்ளி விடுது, க்ளவ் பாக்ஸ் பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு அதான் கோர், அது வழியா ப்ளோயர் காத்த ஊதுது, அவ்ளோதான் விஷயம். அதனால தேடுறதும் அதே வழில தான் தேடணும். இன்ஜின் சூடாகுதா, அந்த சூடு கோர் வரைக்கும் வருதா, கோர் வழியா காத்து நிஜமா போகுதா, போன சூடு கேபின்ல தங்குதா. நடுவுல இருந்து ஆரம்பிக்கிறவங்கதான் காச விடுறாங்க.

உங்க இன்ஜின பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஃபோர்டு இத 300னு சொல்லுவாங்க, 1965ல வந்து 1996 வரைக்கும் ஓடுச்சு, ப்ளாக், ஹெட் ரெண்டுமே வார்ப்பிரும்பு. சாகாத இன்ஜின், ஆனா அவ்ளோ இரும்பு சூடாக நேரம் ஆகும். ஸ்டார்ட் பண்ணி ட்ரைவ்வேல அப்படியே நிறுத்தி வச்சுட்டு இருபது நிமிஷத்துல கேபின் சுடணும்னு நினைச்சா நடக்காது, ஐட்லிங்ல பெட்ரோல் எரியறதே கொஞ்சம், அதுல வர்ற சூடும் கொஞ்சம். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் விட்டுட்டு மெதுவா ஓட்ட ஆரம்பிங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டின அப்புறமும் முள்ளு ஏறலன்னா அப்பதான் கோளாறுன்னு அர்த்தம்.

முதல்ல கூலன்ட் லெவல். இத சொன்னா எல்லாரும் ஓவர்ஃப்ளோ பாட்டில்ல கூலன்ட் இருக்கேன்னு சொல்லுவாங்க. பாட்டில பாக்காதீங்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டில, இன்ஜின் நல்லா ஆறினப்புறம், ரேடியேட்டர் மூடிய தொறந்து பாருங்க, கழுத்து வரைக்கும் நிக்கணும். சூடா இருக்கும்போது தொறந்தா மூஞ்சில அடிக்கும், விளையாட்டு இல்ல. மூடி ரப்பர் காஞ்சு போயிருந்தா பாட்டில்ல தண்ணி நிக்கும், ரேடியேட்டர்ல குறையும், ரெண்டும் வேற வேற கணக்கு. ஹீட்டர் கோர் கொஞ்சம் மேல இருக்கறதால கூலன்ட் குறைஞ்சா காத்து மொதல்ல அங்கதான் போய் உக்காரும். ஐட்லிங்ல குளிரும், ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) ஏத்தினா சூடு வரும், டேஷ் பின்னாடி தண்ணி சலசலன்னு ஓடுற சத்தம் கேக்கும். உங்களுக்கு ஐட்லிங்ல போயிடுதுன்னு சொன்னதால இது கண்டிப்பா லிஸ்ட்ல இருக்கு.

லெவல் கம்மியா இருந்தா ஊத்திட்டு சும்மா விடாதீங்க, எங்க போச்சுன்னு பாருங்க. பேசஞ்சர் பக்கம் கார்பெட்ல கை வச்சு பாருங்க, ஈரமா பிசுபிசுன்னு இருந்தா, இல்ல டிஃப்ராஸ்ட் போட்டா கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி படலம் வந்து ஒரு இனிப்பு வாசனை அடிச்சா, கோர் ஒழுகுது, அப்ப கராஜ் சொன்னது சரி. ஒழுகல, ஆனா கூலன்ட் குறைஞ்சுட்டே இருக்கு, ஆறின இன்ஜின மூடிய தொறந்து வச்சு நின்ன எடத்துலயே ஓட விட்டா குமிழ் நிக்காம வருதுன்னா, ப்ளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற ஹெட் கேஸ்கெட்ட சந்தேகப்படணும். அதுக்கு நீல கலர் திரவம் வச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, எரிஞ்ச புகை கலந்தா மஞ்சளாகும், பார்ட்ஸ் கடைகள்ல அந்த டூல வாடகைக்கே தருவாங்க.

லெவல் சரியா இருக்கா, அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானப்புறம்தான் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடுற வால்வு. என் பந்தயம் இதுமேலதான். நீங்க சொன்ன முள்ளு, ஹைவேல பரவால்ல, நின்னா போயிடுதுங்கறது எல்லாத்தையும் சேத்து பாத்தா தெர்மோஸ்டாட் தொறந்தே மாட்டிக்கிட்டு இருக்கு, கூட கொஞ்சம் கூலன்ட் குறைவு. தெர்மோஸ்டாட் மூடியிருக்கிற வரைக்கும் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாது, இன்ஜினுக்குள்ளயும் ஹீட்டருக்கும் மட்டும் சுத்தும், அதனால சீக்கிரம் சூடாகும். இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, தெர்மோஸ்டாட் மூடியிருந்தா ஹீட்டருக்கும் தண்ணி போகாதுன்னு நினைக்கிறாங்க, இல்ல, ஹீட்டர் லைன் தனி வழி, எப்பவும் ஓடும். தொறந்தே இருந்தா மைனஸ் 25ல அவ்ளோ பெரிய ரேடியேட்டர் மொத்த சூட்டையும் வெளிய எடுத்துட்டு போயிடும், நீங்க வின்னிபெக்கையே சூடு பண்ணிட்டு இருக்கீங்க.

டெஸ்ட் ரொம்ப சுலபம். காலைல ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல (மேல் பக்கத்து ரப்பர் குழாய்) கை வைங்க, ஃபேன், பெல்ட்டுக்கிட்ட கையோ ஸ்கார்ஃபோ மஃப்ளரோ போகாம பாத்துக்கோங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா அந்த ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருக்கும், அப்புறம் ஒரே அடியா சுட ஆரம்பிக்கும். ரெண்டு மூணு நிமிஷத்துலயே லேசா வெதுவெதுன்னு ஆகி அப்படியே படிப்படியா ஏறுச்சுன்னா தொறந்து மாட்டிக்கிட்டு இருக்கு. சந்தேகமே வேணாம்.

வாங்கும்போது 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 90 செல்சியஸ் வாக்குல, அந்த ரேட்டிங் கேட்டு வாங்குங்க. கம்பெனி டிசைன் அதான். யாராவது 160, 180 போட்டா இன்ஜின் கூலா இருக்கும் நல்லதுன்னு சொன்னா கேக்காதீங்க, பழைய ஓனர் யாரோ டெக்சஸ்லயோ எங்கயோ அப்படி போட்டிருந்தா அதுவே உங்க பிரச்சனையா இருக்கலாம். இன்னொண்ணு, முப்பது வருஷத்துல யாரோ ஓவர்ஹீட் பயத்துல தெர்மோஸ்டாட்டையே கழட்டி எறிஞ்சுட்டு வெறும் ஹவுசிங்க மாட்டியிருப்பாங்க, அதுவும் நடக்குறதுதான், தொறந்தாதான் தெரியும். மலிவா கெடைக்குதேன்னு பேர் தெரியாதத எடுக்காதீங்க, ஃபோர்டோட சொந்த பார்ட்ஸ் பிராண்டு மோட்டார்கிராஃப்ட் மாதிரி நல்லதா எடுங்க, வித்தியாசம் ஒரு சாப்பாட்டு காசுதான்.

மாத்துறப்ப கூலன்ட்ட கொஞ்சம் எறக்கிட்டு ஹவுசிங் போல்ட் கழட்டணும். அவசரப்படாதீங்க. அந்த போல்ட்டு துரு புடிச்சு ஹெட்டோட ஒட்டியிருக்கும், முன்னாடி நாள் ராத்திரியே பெனிட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க, கழட்டும்போது முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுங்க, ஒடைச்சீங்கன்னா ஒரு மணி நேர வேல ரெண்டு நாள் வேலயாயிடும். பழைய கேஸ்கெட்ட சுத்தமா சுரண்டுங்க, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் இன்ஜின் பக்கம் பாக்கணும், குட்டி ஆடுற ஊசி மாதிரி ஒண்ணு இருந்தா அது மேல் பக்கம். புதுச மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு நூல்ல கட்டி தொங்க விட்டு தொறக்குதா மூடுதான்னு பாத்துக்கோங்க, புதுசே மக்கர் பண்றது உண்டு. சமையல் பாத்திரத்த எடுக்காதீங்க, வீட்ல சண்ட வரும்.

அப்புறம் கூலன்ட் ஓடுற வழில மாட்டின காத்த வெளிய எடுக்கணும். வண்டி மூக்கு மேடா நிக்கிற மாதிரி நிறுத்துங்க, ஹீட்டர் ஃபுல் ஹாட், மூடி தொறந்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க, மேல் ஹோஸ அப்பப்ப அமுக்கி விடுங்க, குமிழ் வந்து நிக்கும், லெவல் எறங்கும், ஊத்திட்டே வாங்க. இத பண்ணாம மூடிட்டு தெர்மோஸ்டாட் மாத்தியும் சூடு வரலன்னு பொலம்புறவங்க நிறைய.

ஊத்துறப்ப கலவ கணக்கு ரொம்ப முக்கியம். தண்ணி கலக்காத கூலன்ட்டையும் தண்ணியையும் பாதிக்கு பாதி கலந்தா மைனஸ் 37 வாக்குல தாங்கும். உங்க ஊர்ல ஜனவரில ஒரு வாரம் அதயும் தாண்டி போகும், மைனஸ் 40ங்கறது செல்சியஸ்லயும் ஃபாரன்ஹீட்லயும் ஒண்ணுதான், அந்த எடத்துல யாரும் யூனிட் கேக்கறதில்ல. அதனால 60 பங்கு கூலன்ட் 40 பங்கு டிஸ்டில்டு வாட்டர் போட்டா மைனஸ் 50 வரைக்கும் கவலையில்ல. அப்ப நூத்துக்கு நூறு கூலன்ட்டே ஊத்திடலாமேன்னு தோணும், கூடவே கூடாது, கூலன்ட்ல இருக்குற எத்திலீன் க்ளைக்கால் தண்ணியே கலக்கலன்னா மைனஸ் 13 பக்கத்துலயே உறைய ஆரம்பிச்சிடும், சூட்டையும் சரியா தூக்காது. ஃப்ளஷ் பண்ணிட்டு வெறும் தண்ணிய உள்ள விட்டு ராத்திரி வெளிய நிறுத்துனா கோர், ரேடியேட்டர், ப்ளாக் எது வேணா வெடிக்கும். பச்ச கூலன்ட் இருக்குற வண்டில ஆரஞ்ச கலக்காதீங்க, பச்சைக்கு பச்சையே ஊத்துங்க.

இப்ப தெர்மோஸ்டாட் புதுசு, லெவல் சரி, முள்ளு நடுவுல நிக்குது, ஆனா உள்ள இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்குன்னு வைங்க. இப்பதான் கோர் பக்கம் போகணும். பேசஞ்சர் பக்கம் ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) ரெண்டு ஹோஸ் உள்ள போகும், ஒண்ணு வர்றது, ஒண்ணு திரும்புறது. இன்ஜின் நல்லா சூடான அப்புறம், ப்ளோயர் மீடியம்ல வச்சு, ரெண்டையும் தொட்டு பாருங்க. ரெண்டுமே கை வைக்க முடியாத அளவு சூடுன்னா கோருக்கு தண்ணி நல்லா ஓடுது, கோர் மேல பழி போடாதீங்க, காத்து பக்கம் கோளாறு. ஒண்ணு சுடுது இன்னொண்ணு வெதுவெதுன்னா கோர் அடைச்சிருக்கு, இல்ல தண்ணி ஓட்டம் ரொம்ப மெதுவா இருக்கு. ரெண்டுமே ஆறியிருந்தா தண்ணியே வரல, காத்து அடைப்பு, பம்ப், இல்ல வழில ஏதாவது வால்வு மூடியிருக்கு. கை தொட்டு சொல்றது நம்பிக்கையில்லன்னா ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்க, என் கணக்கு என்னன்னா ரெண்டு ஹோஸுக்கும் 10, 15 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தா பரவால்ல, 30ஐ தாண்டுனா அடைப்பு. ப்ளோயர் ஃபுல்லுல வச்சு வெளிய மைனஸ் 30 இருந்தா நல்ல கோர்லயே வித்தியாசம் கூடத்தான் காட்டும், அதனாலதான் மீடியம்ல வைக்க சொன்னேன்.

அடைச்சிருக்குன்னு தெரிஞ்சா மாத்துறதுக்கு முன்னாடி ஒருவாட்டி ஃப்ளஷ் பண்ணி பாருங்க. வெளிய வேணாம், சூடான கராஜ் கெடைச்சா மட்டும் பண்ணுங்க. க்ளாம்ப்ப எடுத்துட்டு ஹோஸ புடிச்சு இழுக்காதீங்க, தயவுசெஞ்சு இழுக்காதீங்க, அந்த பைப்பு மெல்லிசு, நல்லா இருந்த கோர இழுத்தே ஒழுக வச்சவங்கள பாத்திருக்கேன். ஹோஸ் ஒட்டியிருந்தா கத்தில நீளவாக்குல கீறி உரிச்சு எடுங்க, புது ஹோஸ் மலிவு. அடுத்து தோட்டத்து பைப்ப வச்சு தண்ணி விடணும், வழக்கமா தண்ணி வெளிய வர்ற பக்கத்துல இருந்து தலைகீழா விடுங்க, அப்பதான் அடைச்ச கசடு வந்த வழியே திரும்பும். மெதுவா விடுங்க. கூலிங் சிஸ்டம் ஓடுறது 13ல இருந்து 16 பிஎஸ்ஐ அழுத்தம் வாக்குல, வீட்டு குழாய்ல வர்றது 40, 60 பிஎஸ்ஐ, முழுசா தொறந்தா முப்பது வருஷத்து கோர் பிச்சுக்கும். மொதல்ல டீ டிகாஷன் மாதிரி வரும், அப்புறம் செதில் செதிலா துரு வரும், தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி விடுங்க. அப்பவும் ஓட்டம் பத்தலன்னா ரேடியேட்டர் ஃப்ளஷ் கெமிக்கலோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஊத்தி கொஞ்ச நேரம் ஊற வச்சு மறுபடி அலசுங்க. சாக்கடை குழாய் அடைப்பு எடுக்குற காஸ்டிக் சரக்கு வேணவே வேணாம், அலுமினியம் கோரா இருந்தா தின்னுடும்.

வெளிய வர்ற கூலன்ட்ட தரைல விடாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். கேன்ல புடிச்சு ஹேஸர்டஸ் வேஸ்ட் வாங்குற டிப்போல குடுங்க. இன்னொரு விஷயம், ஒழுகுதுன்னு ஸ்டாப் லீக் டப்பா யாராவது குடுத்தா வாங்காதீங்க, எங்க ஓட்டைன்னு அதுக்கு தெரியாது, சந்து எங்க குறுகலோ அங்க போய் அடைக்கும், இருக்கறதுலயே குறுகலான சந்து ஹீட்டர் கோர்தான். பழைய ஓனர் அத ஊத்தியிருந்தா உங்க கோர் அடைப்புக்கு காரணமே அதுவா இருக்கலாம்.

ஃப்ளஷ்ல நல்லா ஓட்டம் இருக்கு, ஆனா வண்டில மாட்டினா ஐட்லிங்ல மட்டும் குளிருதுன்னா வாட்டர் பம்ப்ப பாருங்க. பழைய பம்ப்ல தண்ணிய தள்ளுற இம்பெல்லர் இறக்கை அரிச்சு போயிருக்கும், வெளிய பாத்தா ஒழுகல் ஒண்ணும் இருக்காது, ஆர்பிஎம் ஏத்தினாதான் தள்ளும். அதுக்கு முன்னாடி பெல்ட் வழுக்குதான்னு பாத்துடுங்க. ஃபோர்டு சில வண்டிகள்ல ஹீட்டர் ஹோஸுக்குள்ள ஓட்டத்த குறைக்க ஒரு ரெஸ்ட்ரிக்டர் வச்சிருப்பாங்க, குட்டி ஓட்டை, அதுல ஒரு துரு செதில் மாட்டினாலே போதும், ஹோஸ கழட்டினப்ப உள்ள விரல விட்டு பாருங்க. ஏசி இருக்குற சில வண்டில ஹோஸ் நடுவுல வேக்யூம்ல வேலை செய்யுற வால்வு ஒண்ணு இருக்கும், அதுவும் மூடின நெலமைல மாட்டிக்கும்.

இனி ரெண்டு ஹோஸும் நல்லா சுடுது, காத்து மட்டும் சுடல. இதுதான் ப்ளெண்ட் டோர். கோர் வழியா வர்ற சூடு காத்தையும் கோர சுத்திக்கிட்டு வர்ற ஜில்லு காத்தையும் கலக்குற கதவு. நல்ல வேளையா உங்க வண்டில இது கேபிள், மோட்டார் கிடையாது. டெம்பரேச்சர் கன்ட்ரோல ஜில்லுல இருந்து சூட்டுக்கு வேகமா தள்ளுங்க, கடைசில டொப்புன்னு கதவு மோதுற சத்தம் கேக்கணும். கேக்கலன்னா, இல்ல பஞ்சு மாதிரி இழுத்தா, க்ளவ் பாக்ஸ எறக்கிட்டு டார்ச் அடிச்சு பாருங்க, கேபிள் நுனி கிளிப் ஒடஞ்சிருக்கும், இல்ல கேபிள் நழுவி கதவு முக்கால்வாசிதான் திரும்பும். அந்த கால்வாசி சந்துல வர்ற மைனஸ் 25 காத்து மொத்தத்தையும் கெடுத்துடும். கையால கதவ முழு சூட்டு பக்கம் தள்ளி புடிச்சுக்கிட்டு ப்ளோயர போட்டு பாருங்க, சூடு வந்துச்சுன்னா கோளாறு கெடச்சாச்சு. வென்ட்ல இருந்து கருப்பு ஸ்பான்ஜ் தூள் எப்பவாவது பறந்து வந்துச்சா? அது கதவு ஓரத்துல ஒட்டியிருந்த ஃபோம், உதிர்ந்து போச்சு, கதவு மூடினாலும் ஓரத்துல காத்து ஒழுகும்.

சரி, எல்லாம் பாத்தாச்சு, கோர்தான் போச்சு, ஒழுகுது இல்ல ஃப்ளஷ்க்கு மசியல, அப்பவும் பயப்படாதீங்க. ஹீட்டர் கோர்னாலே டேஷ்போர்ட முழுசா கழட்டணும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, நிறைய வண்டில அது உண்மையும் கூட. இந்த தலைமுறை ஃபோர்டுல இல்ல. இன்ஜின் பக்கம் ஹோஸ கழட்டுங்க, உள்ள க்ளவ் பாக்ஸ எறக்குங்க, பின்னாடி ஒரு ப்ளாஸ்டிக் மூடி, சில ஸ்க்ரூ, மூடிய எடுத்தா கோர் அப்படியே வெளிய வந்துடும். கீழ பழைய டவல போட்டுக்கோங்க, மீதி கூலன்ட் கார்பெட்ல கொட்டும். கராஜ்ல பெரிய தொகை சொல்லியிருந்தா எத்தன மணி நேரம் கூலி போட்டிருக்காங்கன்னு கேளுங்க, டேஷ் எறக்குற கணக்குல போட்டிருந்தா கெளம்பி வந்துடுங்க. மாத்தும்போது கோர சுத்தி இருக்குற ஃபோம் பட்டையையும் புதுசா ஒட்டுங்க, இல்லன்னா காத்து கோர சுத்திக்கிட்டு போயிடும், புது கோர் போட்டும் அதே வெதுவெதுப்பு.

புது கோர் ஒரு வருஷத்துலயே ஒழுகுனா மறுபடி கோர் மாத்துறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் எடுங்க. கருப்பு வயர் பேட்டரி மைனஸ்ல, சிவப்பு நுனிய ரேடியேட்டர்ல கூலன்ட்டுக்குள்ள மட்டும் படுற மாதிரி முக்குங்க, உலோகத்துல படக்கூடாது. 0.4 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா கூலன்ட் வழியா கரண்ட் ஓடி கோர அரிச்சுட்டு இருக்கு. பழைய கூலன்ட்ட மாத்துங்க, இன்ஜின்ல இருந்து பாடிக்கு போற எர்த் வயர சுத்தம் பண்ணுங்க, பழைய ஃபோர்டுல அந்த எர்த் துருவுல காணாம போயிருக்கும்.

உங்களுக்கு ப்ளோயர் நல்லா அடிக்குதுங்கறதால அத பெருசா சொல்லல. நாலு ஸ்பீடுல ஃபுல் மட்டும் வேலை செஞ்சா ரெசிஸ்டர் போச்சு, காத்தே கம்மின்னா கண்ணாடி கீழ இருக்குற சல்லடை வழியா விழுந்த இலை தழை உள்ள அடைச்சிருக்கும், அவ்ளோதான். ஆனா காத்து கால் பக்கம் வராம கண்ணாடிக்கே போகுதுன்னா அது வேற கத. இந்த வண்டில திசை மாத்துற கதவெல்லாம் வேக்யூம்ல ஓடுது, வேக்யூம் போயிடுச்சுன்னா தானா டிஃப்ராஸ்ட்டுக்கு போயிடும், பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. கால் உறையும், ஹீட்டர் போச்சுன்னு நினைப்போம். இன்ஜின்ல இருந்து வர்ற மெல்லிசு ப்ளாஸ்டிக் வேக்யூம் லைன் குளிர்ல மொறுமொறுன்னு ஒடயும், அத ஒரு ரவுண்டு தடவி பாருங்க.

சூடு வந்தும் கேபின் சூடாகலன்னா தரைய பாருங்க. மேட்ட தூக்கிட்டு பாருங்கன்னு சொல்றேன். ரோட்ல உப்பு போடுற ஊர்ல முப்பது வருஷம் ஓடின வண்டி, தரையில துரு ஓட்டை, கதவு ரப்பர் நசுங்கினது, ஃபயர்வால்ல வயர் போற எடத்துல ரப்பர் காணாம போனது, இது எல்லாத்துலயும் ஹைவேல காத்து ஊசி மாதிரி வரும். இதுல குளிர விட ஆபத்தான ஒண்ணு இருக்கு. இந்த 4.9ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஒழுகுறது சகஜம், ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்னு சத்தம் வரும். அந்த புகை ஃபயர்வால் ஓட்டை வழியா உள்ள வந்தா கார்பன் மோனாக்சைடு, வாசனையே இருக்காது. வண்டி ஓட்டினா தலைவலி வருதுன்னா ஹீட்டர விட்டுட்டு மொதல்ல அத பாருங்க. ஹீட்டர் சரியாகுற வரைக்கும்னு கேபினுக்குள்ள ப்ரொப்பேன் ஹீட்டர் வைக்கிற ஆளுங்க இருக்காங்க, அதுவும் அதே கதைதான்.

க்ரில்லு முன்னாடி அட்டை வைக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. வைக்கலாம், உங்க ப்ரெய்ரி சமவெளி பக்கம் நிறைய ட்ரக்குல விண்டர் ஃப்ரண்ட், அதாவது க்ரில்லுக்கு ஒரு குளிர்கால மூடி, மாட்டிதான் ஓட்டுறாங்க. முழுசா மூடாதீங்க, நடுவுல கொஞ்சம் விடுங்க, ட்ரான்ஸ்மிஷன் கூலர் இருந்தா அதுக்கும் கொஞ்சம் காத்து வேணும், மைனஸ் 10க்கு மேல வந்தா கழட்டிடுங்க. ஆனா தெர்மோஸ்டாட் கெட்டத அட்டைய வச்சு மறைக்காதீங்க. ரேடியேட்டர் ஃபேன தேவைப்படும்போது மட்டும் வேகமா சுத்த விடுற ஃபேன் க்ளட்ச்சும் ஒருவாட்டி பாருங்க, காலைல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் விமானம் மாதிரி சத்தம் வந்து அடங்கணும், எப்பவும் அதே சத்தம்னா க்ளட்ச் பிடிச்சுக்கிச்சு. ப்ளாக் ஹீட்டர் (நிக்கிற இன்ஜின கரண்ட்ல சூடாக்குறது) இருந்தா கண்டிப்பா ப்ளக் பண்ணுங்க, உங்க ஊர்ல பார்க்கிங்லயே ப்ளக் பாயிண்ட் இருக்கும்ல, ஒரு டைமர் போட்டு கெளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி ஆன் ஆகுற மாதிரி வச்சா போதும், ராத்திரி முழுக்க ஓட வச்சா கரண்ட் பில்தான் ஏறும்.

வேற வண்டி வச்சிருக்கவங்களும் படிப்பீங்க, அதனால ரெண்டு வரி. 1994ல இருந்து 2001 வரைக்கும் வந்த டாட்ஜ் ராம்ல ஹீட்டர் பெட்டிக்குள்ள இருக்குற ப்ளாஸ்டிக் கதவே ஒடஞ்சு விழும், அங்க வேல பெரும்பாலும் டேஷ் வரைக்கும் போகும். 1999க்கு அப்புறம் வந்த ஷெவர்லே சில்வராடோல ப்ளெண்ட் டோருக்கு சின்ன மோட்டார், டேஷ்க்குள்ள டிக் டிக் டிக்னு அடிச்சா அதோட பல் சக்கரம் போச்சு. கம்மின்ஸ் டீசல் இன்ஜின் வண்டி வச்சிருக்கவங்க ஐட்லிங்ல சூடு வரலன்னு ஒண்ணும் கழட்டாதீங்க, டீசல் ஐட்லிங்ல சூடே ஆகாது, அது அதோட குணம், ஓட்டுங்க இல்ல க்ரில்ல மூடுங்க.

நீங்க இந்த சனிக்கிழமை மூடிய தொறந்து லெவல் பாத்துட்டு, மேல் ஹோஸ் டெஸ்ட் பண்ணிட்டு, 195 தெர்மோஸ்டாட்ட மாத்துங்க. அதுக்கப்புறம் ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு நடு வென்ட்ல ஒரு சமையல் தெர்மாமீட்டர சொருகி பாருங்க, 50ல இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரணும். வரலன்னா முள்ளு எங்க நிக்குது, ஃபயர்வால்ல ரெண்டு ஹோஸும் எத்தன டிகிரி, டெம்பரேச்சர் கன்ட்ரோல தள்ளினா டொப்புன்னு சத்தம் வருதா, இந்த மூணையும் எழுதுங்க, அடுத்து எத கழட்டணும்னு சொல்றேன்.